"எல்.சி.வி. இருக்கா?": ஒரு மாடித்தோட்டக் குழுவில் சுருக்கச் சொற்கள் செய்த வேலை

இதில் வருகிறவர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். தவறாகப் போன பதில்களில் ஒன்று நான் எழுதியது.

பின்னணி

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்காக 2017-இல் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். முதலில் பன்னிரண்டு பேர். விதை மாற்றிக்கொள்ள, யார் வீட்டில் மண்புழு உரம் மிச்சம் இருக்கிறது என்று கேட்க, முதல் கத்தரிக்காயைப் படம் பிடித்துப் போட்டுப் பெருமைப்பட. ஒருவர் வீட்டு மாடிக்கு இன்னொருவர் போய்வருவோம்.

2020 ஊரடங்கில் வீட்டிலேயே இருந்தவர்கள் எல்லாம் தொட்டி வாங்கினார்கள், குழு பெருகியது. அப்போது வாட்ஸ்அப் குழுவில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அந்த எல்லை நிறைந்ததும் டெலிகிராமுக்கு மாறினோம். ஆட்கள்தான் மாறினார்களே தவிர பேச்சு மாறவில்லை. பன்னிரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்ட அதே பேச்சை, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் தொடர்ந்து பேசினோம்.

அந்தப் பேச்சு எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மேற்கொண்டு வருவது புரியும். ஈரக்கையோடு மாடியில் நின்று தட்டச்சு செய்கிறவர்கள் சுருக்கித்தான் எழுதுவார்கள். பஞ்சகவ்யா 'பஞ்ச' ஆனது. மீன் அமிலம் 'மீ.அ.'. செடி நோயைத் தடுக்கும் நுண்ணுயிரிகளில் சூடோமோனாஸ் 'சூடோ', டிரைக்கோடெர்மா விரிடி வெறும் 'விரிடி'. காசியாபாத்தில் இருக்கும் தேசிய இயற்கை வேளாண்மை மையம் கொண்டுவந்த, கழிவை மக்கவைக்கும் வேஸ்ட் டீகம்போசர் 'டபிள்யூ.டி.சி.'. பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் ஒட்டட்டைக்கு ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளை எடுத்து 'ஒய்.எஸ்.டி.'. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து முதலெழுத்தாக வருவதால் அந்தப் பூச்சிவிரட்டிக் கரைசல் '3ஜி'. யாரும் கூடி முடிவு செய்ததில்லை, தானாக வந்தது. பன்னிரண்டு பேர் இருந்தவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஒருவர் டிரம்மில் என்ன இருக்கிறது என்பதை மற்றவர் மூடியைத் திறந்து பார்த்திருந்தார்.

புரட்டாசி 2022: ஒரு கேள்வி, ஐந்து பதில்கள்

ஆடிப்பட்டத்தில் முதல்முறையாகச் செடி வைத்த ஒரு அம்மா குழுவில் சேர்ந்தார். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மாடியில் பதினான்கு பைகள். எட்டில் தக்காளி, மற்றவற்றில் மிளகாயும் கத்தரியும். புரட்டாசியில் பூவெடுக்கும் நேரம். இரண்டு தக்காளிச் செடிகளின் இலை மேல்நோக்கிச் சுருண்டு, சிறுத்து, மஞ்சளடித்திருந்ததைப் படமெடுத்துப் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார். அவர் குழுவில் எழுதிய முதல் செய்தி அது.

பத்து நிமிடத்துக்குள் பதில்கள் வந்தன. பழைய செய்திகளிலிருந்து அப்படியே எடுத்துத் தருகிறேன். ஆங்கில எழுத்தில் இருந்தவற்றை மட்டும் தமிழில் மாற்றியிருக்கிறேன்.

"3ஜி அடிங்க. 50."

"மீ.அ. 5 குடுத்துப் பாருங்க, தெம்பு வரும்."

"டபிள்யூ.டி.சி. டிரெஞ்ச்."

"எல்.சி.வி. மா. ஒய்.எஸ்.டி. மாட்டுங்க."

கடைசியாக ஒருவர், "நாலாவது சரி."

மூன்றாவது என்னுடையது; டிரெஞ்ச் என்றால் வேரில் ஊற்றுவது. அந்த அம்மா கும்பிடும் கையோடு "நன்றி" என்று போட்டார். கேள்வி தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். வந்த வேகத்தைப் பார்த்தால் நல்ல குழு என்றுதான் யாரும் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாடியில் நடந்தது

இந்தப் பகுதி எங்களுக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். வரிசைக்காக இங்கேயே சொல்கிறேன்.

அவர் ஐந்து பதில்களையும் தினசரி காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு உரக்கடைக்குப் போனார். "எல்.சி.வி. இருக்கா?" என்று கேட்டார். கடைப் பையன், "ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் பாருங்க" என்று சொல்லிவிட்டான்.

எல்.சி.வி. என்றால் இலைச்சுருள் வைரஸ். அது மருந்தின் பெயர் கிடையாது, செடிக்கு வந்திருக்கும் நோயின் பெயர். வந்த செடியைக் குணப்படுத்த வழியில்லை. வெள்ளை ஈ ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும் என்பதால், சுருண்ட செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் செய்யக்கூடியது. குழுவில் வந்த ஐந்தில் நோயைச் சரியாகச் சொன்ன ஒரே பதில் அதுதான். அந்தப் பதிலை நம்பித்தான் அவர் ஒரு வாரம் காத்திருந்தார், நோய்க்குப் பெயராக இருந்த சொல்லை மருந்தென்று நினைத்து.

மீ.அ. என்றதும் கடையில் புரிந்துகொண்டார்கள், பாட்டிலைக் கொடுத்தார்கள். '5' என்பதற்கு என்ன அளவு என்று எங்கள் பதிலில் இல்லை. எங்கள் வழக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. அவர் ஒரு குவளைத் தண்ணீரில் பாட்டில் மூடியால் ஐந்து மூடி ஊற்றி, எட்டுத் தக்காளிப் பைகளுக்கும் அந்தக் கலவையை வேரிலும் இலையிலும் கொடுத்தார். மீன் கழிவையும் நாட்டுச் சர்க்கரையையும் சம எடை போட்டு வாரக்கணக்கில் நொதிக்க வைத்து எடுக்கும் சாறு அது, வீரியமானது. அவர் ஊற்றியது எங்கள் அளவைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. இரண்டே நாளில் இலை ஓரம் கருகி, பூ கொட்டியது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு மறுபடி போனபோதும் எல்.சி.வி. வரவில்லை. அதற்குள் ஐந்து செடிகள் சுருண்டிருந்தன. எட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழுவிலிருந்தும் விலகினார். தினமும் இரண்டு பேர் சேர்வதும் ஒருவர் விலகுவதுமாக இருக்கும் இடத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

தை 2023: தெரிய வந்த விதம்

ஒரு விதைத் திருவிழாவில் நாட்டு விதை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் குழுவின் பெயரைச் சொன்னதும், "அதுல நானும் இருந்தேன் தம்பி" என்றார் ஒரு அம்மா.

"அப்படியாம்மா? இப்ப இல்லையா?"

"இல்லப்பா. ஒரு கேள்வி கேட்டேன், அஞ்சு பேரு பதில் சொன்னீங்க. அஞ்சு பேர்கிட்டயும் திரும்ப 'அப்படின்னா என்ன'ன்னு கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியலன்னு விட்டுட்டேன்."

கடைக்குப் போன கதையை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் பதிவேடு எழுதியவர், குழந்தைகளுக்கு எடையும் உயரமும் அளந்து கணக்கு வைத்தவர். அளவு என்ன என்று ஒரு வரி இருந்திருந்தால் எங்களில் பாதிப் பேரைவிடத் துல்லியமாகச் செய்திருப்பார்.

பழைய செய்திகளைத் திரும்பப் படித்தபோது

அன்றிரவே நோட்டை எடுத்துக்கொண்டு, புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதச் செய்திகளை முதலிலிருந்து படித்தேன். சுருக்கச் சொல் வந்த இடமெல்லாம் குறித்தேன். மொத்தம் 43 வெவ்வேறு சொற்கள் வந்தன.

எண்ணிக்கையைவிட வேறு சில விஷயங்கள் உறுத்தின. முதலாவது, எங்கள் பதில்களில் நோய், பூச்சி, மருந்து, கருவி எல்லாம் ஒரே தோற்றத்தில் இருந்தன. எல்.சி.வி. நோய், ஒய்.எஸ்.டி. ஒட்டும் அட்டை, டபிள்யூ.டி.சி. கரைசல். மூன்றும் மூன்று எழுத்து, மூன்றுக்கும் நடுவில் புள்ளி. புரியாத சொல்லைப் பார்த்து 'இது என்ன பொருள்' என்று யோசிக்கலாம். அது என்ன வகை என்பதே தெரியாதபோது யோசிக்கவும் பிடி கிடைக்காது. கடையில் போய் நோயைக் கேட்டதை அவருடைய அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வாக்கியத்தில் அதை நோய் என்று காட்டும் ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாவது, "அப்படின்னா என்ன?" என்ற கேள்வி அந்த இரண்டு மாதத்தில் இரண்டே தடவைதான் வந்திருந்தது. அதில் ஒன்று 3ஜி பற்றி. புதிதாக வந்த ஒருவர், "எங்க ஏரியாவுல 4ஜிதான் வருது, பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தார். அவர் நையாண்டி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றைக்கும் தெரியாது. பதிலாக வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வந்தன. விளக்கம் மாலையில்தான் வந்தது. அந்தச் சிரிப்பை அவர் மட்டும் பார்க்கவில்லை. கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவில்லை. பழைய உறுப்பினர்கள் ஏழு பேருக்குத் தனித்தனியாகப் பத்துச் சுருக்கச் சொற்களை அனுப்பி, விரித்து எழுதச் சொன்னேன். 'இ.எம்.' என்பதற்கு நால்வர் கடையில் வாங்கும் பாட்டிலைச் சொன்னார்கள். அது ஜப்பானில் ஒகினாவாவைச் சேர்ந்த பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவை. மூவர் பப்பாளி, பரங்கி, வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, முட்டை போட்டு வீட்டில் ஊறவைப்பதைச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றில்லை, கலக்கும் அளவும் ஒன்றில்லை. டபிள்யூ.டி.சி. என்றால் சிலருக்குச் சின்னப் பாட்டிலில் வரும் தாய்க் கலவை. சிலருக்கு அதை 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லம் போட்டுப் பெருக்கிய கரைசல். 3ஜி '50' என்பது ஒருவருக்கு லிட்டருக்கு, இன்னொருவருக்கு பத்து லிட்டர் வாளிக்கு.

ஆக, வருடக்கணக்காக நாங்களே ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டிருந்தோம், வேறு வேறு பொருளை மனதில் வைத்துக்கொண்டு. ஏதாவது கெட்டுப்போனால் வெயிலைச் சொன்னோம், இல்லாவிட்டால் தண்ணீரைச் சொன்னோம்.

முதல் முடிவு: ஒரு பட்டியல்

மாசி மாதம் சுருக்கச் சொற்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்று போட்டு, குழுவின் மேலே ஒட்டிவைத்தோம். எல்லோரும் முதலில் இதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். செலவில்லை, யார் பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை, ஒரே நாளில் முடிந்துவிடும். அதனால்தான் தேர்ந்தெடுத்தோம்.

அது வேலை செய்யவில்லை. பதற்றத்தோடு படம் எடுத்து அனுப்புகிறவர் மேலே ஒட்டியிருக்கும் 43 வரிப் பட்டியலைத் திறந்து படிப்பதில்லை. அப்படிப் படித்தவர்களுக்கும் உதவியிருக்காது. விரிடிக்கு நாங்கள் எழுதியிருந்தது: "உயிரியல் பூஞ்சைக்கொல்லி. வி.நே. 4 கி/கி." விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்று பொருள். வயலுக்கான பரிந்துரை அது. சுருக்கச் சொல்லை விளக்கும் இடத்தில் இன்னொரு சுருக்கச் சொல்; அதுவும் இருபது விதை வைத்திருப்பவரிடம் கிலோக் கணக்கு.

இன்னொரு விளைவு அதைவிட மோசம். பட்டியல் வந்த பிறகு பழையவர்கள் இன்னும் தைரியமாகச் சுருக்க ஆரம்பித்தார்கள். புரியவில்லை என்று யாராவது கேட்டால் "மேலே பட்டியலைப் பார்க்கவும்" என்று ஒரு வரி. முன்பு தெரியாமல் செய்தோம், இப்போது கையில் அனுமதிச் சீட்டோடு செய்தோம்.

இரண்டாவது முடிவு: வாளிக் கணக்கு

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டு மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து பேசினோம். நான் அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன். விரித்து எழுதச் சொன்ன பரீட்சையின் முடிவையும் காட்டினேன். முதல் கதைக்கு "பாவம்" என்றார்கள்; இரண்டாவதுக்குத்தான் சத்தம் எழும்பியது. இ.எம். என்றால் என்ன என்பதிலேயே அரை மணி நேரம் போனது. புதியவர்களுக்காக மாறச் சொன்னபோது அசையாதவர்கள், தங்கள் அளவே தப்பாக இருக்கலாம் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

புதியவர்களுக்குத் தனிக் குழு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை ஏற்கவில்லை. அனுபவசாலிகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சுருக்கச் சொல்லையே தடை செய்யலாம் என்றேன் நான். வேளாண்மை படித்த தம்பி ஒருவர் மறுத்தார். "அண்ணே, கடையில சூடோன்னாத்தான் எடுத்துத் தருவான். அந்தப் பேரு தெரியாம அனுப்பினா மறுபடியும் அங்க போய்த்தான் முழிப்பாங்க." நியாயமான பேச்சு. ஒரு தொழிலுக்குள் நுழைகிறவர் அதன் சொற்களையும் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது பதிலின் மூலம் நடக்க வேண்டும், பதிலுக்கு முன்னால் வைக்கும் பரீட்சையாக இருக்கக் கூடாது.

கடைசியில் முடிவானது இதுதான். வாளியும் குவளையுமாக மாடியில் நிற்கிறவர் அந்தப் பதிலை மட்டும் படித்து வேலையை முடிக்க முடிய வேண்டும். அதற்கு நான்கு விஷயம் இருந்தால் போதும்: அது நோயா, மருந்தா, கருவியா; பத்து லிட்டர் வாளிக்கோ ஒரு லிட்டருக்கோ எவ்வளவு; இலையிலா, வேரிலா; எந்த நேரம், எத்தனை நாளைக்கு ஒரு தடவை. கடையில் கேட்க வேண்டிய பெயரை அதன் பிறகு சேர்க்கலாம். இதற்கு வாளிக் கணக்கு என்று பெயர் வைத்தோம்.

பஞ்சகவ்யாவில் முதலில் பழகினோம். கொடுமுடி மருத்துவர் நடராஜன் விவசாயத்துக்குப் பரப்பிய அந்தக் கரைசலுக்கு 3 சதவீதம் என்பதுதான் எல்லோரும் சொல்லும் அளவு. சதவீதம் என்றதும் பலருக்குக் கை நின்றுவிடும். லிட்டருக்கு 30 மில்லி, வாளிக்கு 300 மில்லி என்று எழுதினால் நிற்பதில்லை. மில்லி அளக்க எதுவும் இல்லை என்றார்கள் சிலர். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10 என்று கோடு போட்டிருக்கும் என்று ஒரு அக்கா படம் எடுத்துப் போட்டார். நாங்கள் செய்த எல்லாவற்றிலும் உருப்படியானது அந்தப் படம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு, அந்த அம்மாவின் பழைய கேள்விக்கே புதிதாகப் பதில் எழுதிப் பார்த்தோம்:

"இது இலைச்சுருள் நோய் போலத் தெரிகிறது. வைரஸ் என்பதால் இதற்கு மருந்து கிடையாது. வெள்ளை ஈ பரப்பும். சுருண்ட இரண்டு செடிகளையும் இன்றே வேரோடு பிடுங்கி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். மற்ற செடிகளின் உயரத்துக்கு ஒரு மஞ்சள் ஒட்டட்டை தொங்கவிடுங்கள், உரக்கடையில் கிடைக்கும். அதில் வெள்ளை ஈ ஒட்டுகிறதா என்று மூன்று நாள் பார்த்துச் சொல்லுங்கள்."

எழுத இரண்டு நிமிடம் ஆனது. ஆறு செடிகள் மிஞ்சியிருக்கும்.

அதன்பின் நடந்தது

முதல் இரண்டு வாரம் கேலிதான். எனக்கு 'வாளி வாத்தியார்' என்று பெயர் வந்தது. பதில்களின் எண்ணிக்கை குறைந்தது. முன்பு ஐந்து வந்த இடத்தில் இரண்டு வந்தன. சிலர் தேவைக்கு மேல் நீட்டி எழுதி, படிக்கிறவரைத் தூங்க வைத்தார்கள். பழையவர்களில் சிலர், இங்கே இனி பள்ளிக்கூடம்தான் என்று சொல்லித் தனியாக ஒரு குழு தொடங்கிப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் கொடிக்காய்கறிகளில் கெட்டிக்காரர்கள்; பாகல், புடலை என்று வரும்போது அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. இதை இழப்பில்லை என்று சொல்ல மாட்டேன்.

மறுபக்கம், புதியவர்கள் இரண்டாவது கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பழைய செய்திகளில் பெரும்பாலானவர்கள் ஒரு கேள்வி, ஒரு நன்றி, அத்தோடு மறைந்து போயிருந்தார்கள். ஆடிக்குப் பிறகு, "நீங்க சொன்ன மாதிரி ஊத்தினேன், இப்ப இப்படி இருக்கு" என்று அதே ஆள் திரும்பி வந்தார். மிளகாய் இலை சுருள்கிறது என்று கேட்ட ஒருவரிடம் மருந்து சொல்வதற்கு முன், "மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?" என்று திருப்பிக் கேட்டார்கள். மேல்நோக்கி என்றால் இலைப்பேனாக இருக்கலாம், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன், வைத்தியம் வேறு. சுருக்கி எழுதிய காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

அந்த அம்மா திரும்பச் சேரவில்லை. இரண்டு தடவை அழைத்தேன். "வேண்டாம் தம்பி, உங்க நம்பர் இருக்குல்ல, அது போதும்" என்றார். அவ்வப்போது கூப்பிடுவார்.

மறுபடி செய்வதானால்

பட்டியலில் தொடங்க மாட்டேன். விலகிப் போகிறவர்களிடம் ஏன் என்று கேட்கும் வேலையை முதல் நாளிலிருந்தே ஒருவருக்குக் கொடுப்பேன். விதைத் திருவிழாவில் தற்செயலாகப் பக்கத்தில் நின்றிருக்காவிட்டால் எங்களுக்கு இது எதுவுமே தெரிந்திருக்காது. 'நன்றி' என்று வந்ததும் பேச்சை முடிக்க மாட்டேன், "எவ்வளவு ஊத்தப் போறீங்க?" என்று ஒரு வரி கேட்பேன். அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து மூடி அன்றைக்கே தெரிந்திருக்கும். குரல் செய்தியையும் முன்பே ஊக்குவித்திருப்பேன். பேசும்போது யாரும் 'மீ.அ.' என்று சொல்வதில்லை, வாய் தானாக மீன் அமிலம் என்கிறது.

இந்த ஆய்வை எழுத உட்கார்ந்த வாரத்தில், ஒரு பழைய உறுப்பினர் அவசரமாகப் பதில் போட்டுவிட்டு, கீழே இன்னொருவருக்கு நினைவூட்டலாக "வா.க. சேர்த்து எழுதுங்க" என்று போட்டிருந்தார். அடுத்த நிமிடமே புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "வா.க. என்ன விலை சார்? எந்தக் கடையில கிடைக்கும்?"